கேட்பவர் யார்?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பிறர் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பாதிப்பது. வீட்டில் இருந்தபடி, ஓய்வு நேரத்தில், இணையத்தின் வழியாக. 'பதில் சொன்னால் காசு தருகிறார்களாமே, உண்மையா?' என்று பட்டம் முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. உண்மைதான், தருகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தருகிறார்கள். எவ்வளவு தருகிறார்கள் என்பதுதான் எல்லோரும் அடுத்துக் கேட்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்பவர் யார்? நம்மிடம் கேள்வியோடு வருகிறாரே, அவர் யார்? எதற்காகக் கேட்கிறார்? என் பேச்சு முழுக்க இந்த ஒன்றைச் சுற்றியேதான் வரும். சலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது இணையம் கண்டுபிடித்த தொழில் என்று நினைக்காதீர்கள். 1691 மார்ச் மாதம் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி ஒரு பத்திரிகை தொடங்கினார். பின்னாளில் அதன் பெயர் 'அதீனியன் மெர்க்குரி'. அதில் கேள்வி பதிலைத் தவிர வேறொன்றும் கிடையாது. கேள்வியை எழுதி ஸ்மித் என்பவரின் காப்பிக் கடையில் கொடுத்துவிட வேண்டும். பெயர் போட வேண்டாம். இயற்கை பற்றிக் கேட்கலாம், சமயம் பற்றிக் கேட்கலாம், காதல் கல்யாணச் சிக்கல்களையும் கேட்கலாம். பதில் சொல்வது யார் என்றால், 'அதீனியன் சங்கம்' என்று போட்டுக்கொண்டார்கள். பெரிய அறிஞர் கூட்டம் போல ஒலிக்கிறது அல்லவா? உண்மையில் டன்டனும், ரிச்சர்ட் சால்ட் என்ற கணிதக்காரரும், சாமுவேல் வெஸ்லி என்ற பாதிரியாரும், இன்னும் ஓரிருவரும்தான். இது தெரியாமல் ஓர் இளைஞர் அந்தச் சங்கத்தைப் புகழ்ந்து நீண்ட கவிதை எழுதி அனுப்பினார். 1692இல் அது அச்சாயிற்று. அந்த இளைஞர் ஜோனாதன் ஸ்விஃப்ட். பின்னால் கல்லிவரின் பயணங்களை எழுதியவரேதான். உலகத்தையே கேலி செய்த மனிதரின் முதல் அச்சுக் கவிதை, மூன்று நான்கு பேர் சேர்ந்து போட்ட ஒரு வேடத்துக்கு வணக்கம் சொல்லித் தொடங்கியது!

இதில் பணம் எங்கிருந்து வந்தது? கேள்வி கேட்டவர் ஒரு காசும் தரவில்லை. ஒரு பென்னி கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர் தந்தார். அடுத்தவர் வீட்டுக் கேள்வியை எட்டிப் பார்க்கும் ஆசைக்குத்தான் விலை. நம் வார இதழ்களின் கேள்வி பதில் பக்கமும் அதே கணக்கில்தானே ஓடியது? பதில் எழுதியவருக்குச் சன்மானம், கேள்வி எழுதியவருக்கு அஞ்சலட்டைச் செலவு. கேட்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். 300 ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது.

சரி, கேட்பவரே காசு கொடுத்தால் என்ன ஆகும்? இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது கூகுள். 2001 ஆகஸ்டில் ஒரு சிறு முயற்சி செய்தார்கள். ஒரு கேள்விக்கு 3 டாலர், நிறுவனத்தின் ஊழியர்களே தேடிப் பதில் தருவார்கள் என்று அறிவித்தார்கள். கேள்விகள் குவிந்த குவிப்பில் ஒரே நாளில் கடையை மூடிவிட்டார்கள். பிறகு யோசித்து 2002 ஏப்ரலில் 'கூகுள் ஆன்சர்ஸ்' தொடங்கினார்கள். இந்த முறை பதில் சொல்ல வெளியாட்கள். தேர்வு வைத்து எடுக்கப்பட்ட ஒப்பந்தக்காரர்கள். அவர்களுக்கு 'ஆய்வாளர்' என்று பெயர்.

இதன் அமைப்பை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இவ்வளவு நேர்மையான ஏற்பாடு அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் எண்ணம். விலையைக் கேட்பவரே சொல்வார். 2 டாலரும் சொல்லலாம், 200 டாலரும் சொல்லலாம். பதிவுக் கட்டணம் அரை டாலர். ஓர் ஆய்வாளர் கேள்வியைக் கையில் எடுத்தால் அது அவருக்காகப் பூட்டி வைக்கப்படும், வேறொருவர் குறுக்கே வர முடியாது. பதில் வந்ததும் விலையில் முக்கால் பங்கு அவருக்கு, கால் பங்கு நிறுவனத்துக்கு. பதில் பிடிக்காவிட்டால் கேட்டவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மனம் குளிர்ந்தால் மேற்கொண்டு அன்பளிப்பும் தரலாம். கேட்பவர் எவ்வளவு தருகிறார், யாருக்கு எவ்வளவு போகிறது, எல்லாம் வெளிச்சத்தில். ஒளிவு மறைவு இல்லை.

அப்படியானால் ஏன் நிலைக்கவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டாலர் கேள்வி ஒன்று. ஆய்வாளருக்கு 15 டாலர். நல்ல கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேட மூன்று மணி நேரமாவது ஆகும். மணிக்கு 5 டாலர். அன்றைக்கு அமெரிக்க மத்திய அரசு வைத்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5 டாலர் 15 சென்ட்! தேர்வு எழுதி வந்த ஆய்வாளருக்கு அந்தக் கூலிகூடக் கட்டவில்லை. அதோடு இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கருத்து எழுதலாம் என்று இடம் விட்டிருந்தார்கள். ஆய்வாளர் நூலகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, வழியில் போகிற ஒருவர் கருத்துப் பகுதியில் விடையை எழுதிவிட்டுப் போய்விடுவார். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க மனிதனால் முடியாது, ஐயா! காசு வேண்டாம், சொல்லிவிட்டால் போதும்.

மனிதனின் இந்த ஆசையை வைத்துத்தான் யாஹூ 2005 டிசம்பரில் தன் கேள்வி பதில் தளத்தைத் திறந்தது. எல்லாம் இலவசம், பதில் சொன்னால் புள்ளிகள் மட்டும். அடுத்த ஆண்டே, 2006 நவம்பரில், கூகுள் தன் கட்டணச் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. 800க்கும் மேற்பட்டோர் பதில் சொல்லிய ஏற்பாடு அது. யாஹூவும் அந்தத் தளத்தை 2021 மே 4ஆம் தேதி மூடியது, அது வேறு கதை. நடுவில் அமெரிக்காவின் இண்டியானாவிலிருந்து 'சாச்சா' என்று ஒரு நிறுவனம் வந்தது. கைப்பேசியில் குறுஞ்செய்தியாகக் கேள்வி அனுப்பினால் முகம் தெரியாத ஒருவர் பதில் அனுப்புவார். அந்த முகம் தெரியாதவருக்குப் பதில் ஒன்றுக்கு 10 சென்ட், 20 சென்ட். 2016இல் அதுவும் போயிற்று.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். இந்த அரங்கில் பொறியியல் படித்தவர்கள், எம்.எஸ்ஸி. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? 'செக்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வங்கியில் போடும் செக் இல்லை. பாடப் புத்தகங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நிறுவனம், பிறகு மாணவர்களின் பாடக் கேள்விகளுக்கு விடை விற்கத் தொடங்கியது. அன்றைக்கு மாணவர் மாதம் 15 டாலருக்கு ஐந்து சென்ட் குறைவாகக் கட்டினால் 20 கேள்வி வரை அனுப்ப முடிந்தது. பதில் எழுதியவர் பெரும்பாலும் இந்தியாவில் இருந்தார். கணிதம், அறிவியல், பொறியியல் படித்த 70,000க்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருந்து இதற்குப் பதில் எழுதுவதாக ஃபோர்ப்ஸ் இதழ் 2021இல் எழுதியது. ஒரு விடைக்கு இவ்வளவு ரூபாய் என்று கூலி, பாடத்துக்குப் பாடம் மாறும்.

கொரோனா வந்தது. அமெரிக்கக் கல்லூரிகள் தேர்வை இணையத்துக்கு மாற்றின. அங்கே பகலில் தேர்வு நடக்கும்போது இங்கே இரவு. ஈரோட்டிலோ இந்தூரிலோ ஒரு பட்டதாரி விழித்திருந்து, திரையில் வந்த வெப்பஇயக்கவியல் கணக்கைப் படிப்படியாக, சுத்தமாகப் போட்டுக் கொடுக்கிறார். அவருக்கு அது வீட்டுப்பாடமா, நடந்துகொண்டிருக்கும் தேர்வா என்று தெரியாது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். பல பல்கலைக்கழகங்கள் விசாரணை நடத்தின. எந்த நேரத்தில் கேள்வி வந்தது, யார் யார் விடையைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை நிறுவனம் எடுத்துக் கொடுத்தது. மாணவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கேட்பவர் யார்? தெரியாததைத் தெரிந்துகொள்ள வந்தவரா? இல்லை. அந்தக் கேள்வி அவர் பிறரிடம் கேட்க வேண்டியது அல்ல, அவரிடம் கேட்கப்பட்டது! அதைக் காசு கொடுத்துக் கைமாற்றிவிட்டார். விடை எழுதிய நம் பிள்ளையைக் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இரவுகளில் வேலையும் இல்லை, வெளியே போகவும் வழி இல்லை. ஆனால் சட்டம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியா 2020இல் ஒரு சட்டம் செய்தது. காசுக்காக மாணவருக்குத் தேர்வையோ கட்டுரையையோ எழுதித் தரும் சேவை நடத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை. வெளிநாட்டிலிருந்து நடத்தினாலும் பொருந்தும். இங்கிலாந்து 2022இல் கட்டுரை விற்பனையைத் தடை செய்தது. எழுத்து வேலை என்ற பெயரில் யாராவது உங்களுக்கு 'அசைன்மென்ட்' அனுப்பினால், அந்தச் சொல்லைப் பார்த்ததுமே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சரி, அந்தச் செக் நிறுவனத்துக்கு என்ன ஆயிற்று? 2022 நவம்பர் 30ஆம் தேதி, கேட்டதற்குப் பதில் எழுதும் இயந்திரமான சாட்ஜிபிடி வெளிவந்தது. 2023 மே 2ஆம் தேதி, மாணவர்கள் அதன் பக்கம் போவதாகத் தலைமை அதிகாரி ஒப்புக்கொண்ட மறுநாள், பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. 2025 அக்டோபரில் தன் ஊழியர்களில் 45 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஏன் இந்த வீழ்ச்சி? விடைத்தாளை மட்டும் விரும்பியவருக்கு அதை எழுதியது யார் என்ற கவலை என்றைக்கும் இருந்ததில்லை. ஈரோட்டுக்காரர் எழுதினால் என்ன, இயந்திரம் எழுதினால் என்ன? சொல்பவர் யாராக இருந்தாலும் சரி என்று கேட்பவர் நினைக்கிற இடத்தில் பதிலின் விலை சரிந்து சரிந்து ஒன்றுமில்லாமல் போகும். சாச்சாவின் 10 சென்ட் அன்றைக்கே அதைச் சொல்லிற்று.

அப்படியென்றால், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருவர் தேடி வந்தால்? அங்கே பணம் கொட்டும். அங்கேயும் கேளுங்கள், கேட்பவர் யார்?

சிட்னி கில்மன் என்று ஒருவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற நரம்பியல் பேராசிரியர், அறிவியல் உலகம் தலைவணங்கிய மனிதர். முதலீட்டு நிறுவனங்களையும் நிபுணர்களையும் இணைத்துவிடும் இடைத்தரகு நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. தொலைபேசியில் ஒரு மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நிபுணருக்குக் கட்டணம். கில்மனுக்கு மணிக்கு சுமார் 1,000 டாலர். கேட்டவர் மேத்யூ மார்டோமா, ஒரு பெரிய முதலீட்டு நிதியத்தில் வேலை பார்த்த இளைஞர், நம் கேரளப் பெற்றோரின் பிள்ளை. அல்சைமர் நோய்க்கு ஒரு புது மருந்து சோதனையில் இருந்தது. அந்தச் சோதனையின் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் கில்மன். மார்டோமா முதலில் பொதுவாகக் கேட்டார். அன்பாகக் கேட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார். 42 முறை கலந்தாலோசனை நடந்தது. பேராசிரியருக்கு அந்த இளைஞரைப் பிடித்துப்போயிற்று. 2008 ஜூலையில், சோதனை முடிவு உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே அது மார்டோமாவுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய நிறுவனம் பங்குகளை விற்று, நட்டத்தைத் தவிர்த்தும் லாபம் பார்த்தும் சேர்த்தது சுமார் 275 மில்லியன் டாலர். மார்டோமாவுக்கு ஒன்பது ஆண்டு சிறை. அரசுத் தரப்பில் சாட்சி சொன்னதால் கில்மன் மீது வழக்கு வரவில்லை. ஆனால் பல்கலைக்கழகப் பதவி போயிற்று, வாழ்நாள் முழுக்கக் கட்டிக்காத்த பெயர் போயிற்று.

நாம் யாரும் மணிக்கு 1,000 டாலர் வாங்கப் போவதில்லை என்று சிரிக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தின் விலைப்பட்டியல், உங்கள் மருத்துவமனையின் மருந்து இருப்பு, உங்கள் தொழிற்சாலையில் எந்த இயந்திரம் ஓடவில்லை என்ற விவரம், இவற்றுக்கும் கேட்பவர் உண்டு. 'சந்தை ஆய்வு, அரை மணி நேரம் பேசினால் போதும்' என்று மின்னஞ்சல் வரும். உங்கள் அனுபவத்தைக் கேட்டால் சொல்லுங்கள். உங்கள் முதலாளியின் பெட்டியைத் திறக்கச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள்.

கேள்வியே இல்லாமல் வருகிற கேட்பவரும் உண்டு. டெலிகிராமில் வருவார். 'இந்த ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? பதிலுக்கு 50 ரூபாய்.' முதல் நாள் உண்மையாகவே பணம் வரும். மறுநாளும் வரும். மூன்றாவது நாள் 'பெரிய டாஸ்க், முன்பணம் கட்டுங்கள்' என்பார்கள். இப்படிப் பகுதிநேர வேலை என்று சொல்லி ஏமாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. முடக்க முடக்க வேறு பெயரில் வருகிறார்கள். பதிலுக்குக் காசு தருபவர் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கத் தேவையில்லை. கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

இத்தனை பயமுறுத்திவிட்டு, சம்பாதிக்க வழி உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் 'ஜஸ்ட்ஆன்சர்' என்ற நிறுவனம் 2003இல் தொடங்கியது. கூகுளும் யாஹூவும் தங்கள் சேவையை மூடிய பிறகும் அது ஓடுகிறது. அங்கே பதில் சொல்பவர்கள் கால்நடை மருத்துவர்கள், கார் மெக்கானிக்குகள், வழக்கறிஞர்கள். உரிமம் உண்டா என்று பார்த்த பிறகே சேர்க்கிறார்கள். நாய் சாக்லேட்டைத் தின்றுவிட்டது, இரவு பதினொரு மணி, என்ன செய்வது? கேட்பவருக்கு விடை மட்டும் போதாது. சொல்பவர் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். தவறாகச் சொன்னால் அவர் பெயர் கெடும் என்ற பிணை வேண்டும். அந்தப் பிணைக்குத்தான் காசு. இயந்திரத்திடம் ஆயிரம் விடை இருக்கலாம், பிடித்துக் கேட்க ஒரு சட்டைக் காலர் இல்லை.

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது, வரம்பும் இருக்கிறது. மருத்துவர்கள் தொலைவிலிருந்து ஆலோசனை சொல்ல 2020 மார்ச் 25இல் நெறிமுறைகள் வந்தன. மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரரை அழைக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வழக்கறிஞர்களுக்கு விலையும் மதிப்பெண்ணும் போட்டுப் பட்டியலிடும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. முன்வரிசையில் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் சிலரைப் பார்க்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தனி டியூஷனைத் தடுக்கிறது, இணையம் என்பதால் விலக்கு இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு அந்தத் தடை இல்லை. வாரம் நான்கு பிள்ளைகளின் இயற்கணிதச் சந்தேகத்தைத் திரையில் தீர்த்து வைக்கும் ஆசிரியருக்கு, முகம் தெரியாத நானூறு பேருக்கு விடை எழுதுபவரைவிட நிலையான வருமானம் வரும் என்பது என் கணிப்பு. அந்த நான்கு பெற்றோருக்கும் அவர் பெயர் தெரியும்.

கடைசியாக ஒன்று, இப்போது புதிதாக வந்திருக்கும் கேட்பவர். 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று ஒரு தளம், 2008இல் தொடங்கியது. உலகத்து நிரலாளர்கள் எல்லாம் அங்கே ஒருவருக்கொருவர் இலவசமாகப் பதில் எழுதினார்கள். 2021இல் அந்தத் தளம் 180 கோடி டாலருக்கு விலைபோயிற்று. பதில் எழுதியவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. 2024 மே மாதம், அந்தப் பதில்களைச் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐக்குக் கொடுக்க ஒப்பந்தம் ஆனது. கோபம் கொண்ட சிலர் தங்கள் பதில்களைத் தாங்களே அழிக்கப் போனார்கள். அவர்கள் கணக்குகள் தற்காலிகமாக முடக்கப்பட்டன.

இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களுக்கு இன்னும் பதில் வேண்டும், நல்ல பதில், காசு கொடுத்தாவது. பட்டதாரிகளை எடுக்கிறார்கள். தமிழில் எழுதவும், இயந்திரம் எழுதிய தமிழைத் திருத்தவும்கூட ஆள் எடுக்கிறார்கள். இங்கே கேட்பவர் யார்? ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் மறுமுறை உங்களிடம் வரத் தேவையில்லாத ஒருவர். அதனால் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டு வாடகைக்கு நான் பொறுப்பல்ல. போகிறவர்கள் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். கூலி மணிக்கா, பதிலுக்கா? பயிற்சித் தேர்வு என்று வாங்கும் வேலைக்குக் காசு உண்டா? கணக்கை அவர்கள் முடக்கினால் நிலுவைத் தொகை வருமா? அந்த வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டத் தேவையான சான்று தருவார்களா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு உங்கள் முதல் பதிலை எழுதுங்கள்.